ஊற்றிக் கொடுப்பவரின் பொறுப்பு



வட சென்னையில் மூலக்கொத்தளம் என்னும் பகுதியைப் பலரும் அறிவர். தாளமுத்து, நடராசன் ஆகிய இருவரும் 1939-ஆம் ஆண்டு மொழிப் போராட்டத்தில் சிறை சென்று உயிர் நீத்து அடக்கமான இடம் என்பதனால் அப்பெயர் தமிழ்நாடெங்கும் பரவியது. ஆயினும் அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்ப்போர் குறைவு. கொத்தளம் என்பது கோட்டை மதிலின் மூலையில் பீரங்கி வைப்பதற்காகக் கட்டப்படும் உறுப்பு. பதினெட்டாம் நூற்றாண்டில், 1770-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கறுப்பர் பட்டணம் என்று அந்நாளில் வழங்கிய நகர்ப்பகுதியைச் சுற்றி ஆங்கிலக் கம்பெனியார் ஒரு மதில் எழுப்பினார்கள். வடக்கு மதிலும் மேற்கு மதிலும் கூடிய மூலையிலே நம் மூலக்கொத்தளம் இருக்கிறது. மதிலுக்காக வரி விதிக்க எண்ணியதன் நினைவு இன்றும் வால்டாக்ஸ் சாலை என்ற பெயரில் நிற்கின்றது. மதிலோ ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிட்டது.

மதில் எதற்காக எழுந்தது? வெளியிலிருந்து வரும் பகைவரைத் தடுப்பதற்காக. ஆனால் மதிலுக்கு உள்ளேயே இருந்த ஒரு பகையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். அது மது. மதுவின் தீமையைப் பற்றி நீங்கள் பல பேச்சுக்கள் கேட்டிருப்பீர்கள். அவை பெரும்பாலும் குடிப்பவனை நோக்கியே பேசப்பட்டவை. நான் எடுத்துக்கொண்ட பொருள் சிறிது வேறு. மதுவை விற்பவன், கலத்திலே ஊற்றிக் கொடுப்பவன், அவனுடைய கடமை என்ன? இந்தக் கேள்வியை நம் முன்னோரும் நம்மை ஆண்டோரும் எவ்வாறு எதிர்கொண்டார்கள்? சரித்திரத்தின் துணைகொண்டு இதனைச் சற்றே ஆராய்வோம்.

துறைமுக நகரமும் மதுக்கடையும் ஒன்றாகவே வளர்ந்தவை. பழந்தமிழ் நூல்களைப் புரட்டினால் இது விளங்கும். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையிலும், மதுரையைப் பாடும் மதுரைக்காஞ்சியிலும் கள் விற்கும் இடங்களில் கொடி பறந்த செய்தி வருகின்றது. கப்பலிலிருந்து இறங்கும் அயலூரான் மொழி அறியாதவனாக இருக்கலாம். கொடியைக் கண்டு கடையை அறிந்துகொள்வான். ஆனால் அந்தக் கடைக்காரனுக்கு இருந்த கட்டுப்பாடு யாது என்பதை அப்பாடல்கள் பேசவில்லை. திருக்குறளின் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையும் உண்பவனுக்கு உரைத்த அறிவுரையே. விற்பவனுக்கு உரிய அறத்தை நாம் வேறோர் இடத்திலே தேட வேண்டும். நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் வாணிகரை நோக்கி, மற்றவர் பொருளையும் தம்முடையதாகவே மதிக்குமாறு கூறுகின்றார். பொருளுக்கே அப்படியென்றால், மற்றவன் உடலையும் உயிரையும் எப்படி மதிக்க வேண்டும் என்பதை நாம் உய்த்துணரலாம்.

விற்பவனைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய நூல் கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம். அதில் மதுவுக்கென்றே ஓர் அதிகாரி வகுக்கப்படுகின்றான். மதுச்சாலையில் பல அறைகளும், இருக்கைகளும், படுக்கைகளும் இருக்க வேண்டுமாம். குடிப்பவர் அங்கேயே குடிக்க வேண்டுமேயன்றி, நன்னடத்தை அறியப்பட்டவர் மட்டுமே சிறிதளவு வெளியே எடுத்துச் செல்லலாமாம். இவற்றினும் வியப்பானது மற்றொரு விதி. குடித்து மயங்கிய ஒருவன் கடையிலே தன் பொருளை இழந்துவிட்டால், கடைக்காரன் அந்தப் பொருளின் மதிப்பை ஈடு செய்வதோடு அதே அளவு தண்டமும் கட்ட வேண்டும். இந்த விதியின் உட்பொருளைக் கவனியுங்கள். மயங்கியவனுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் அறிவு இல்லை. அந்த அறிவை நீக்கியது கடைக்காரன் விற்ற சரக்கு. ஆகவே அறிவு திரும்பும் வரையில் அவனைக் காக்கும் பொறுப்பு கடைக்காரனைச் சேர்ந்தது. சட்டம் இங்கே நேர்வழியில் செல்கின்றது.

இனி நம் சென்னைக்கு வருவோம். 1639-இல் நிலம் பெற்று, 1640-இல் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கிய ஆங்கிலக் கம்பெனியார்க்கு முதற் கவலை வாணிகம். இரண்டாவது கவலை தங்கள் சிப்பாய்களின் குடி. கடல் கடந்து வந்த வாலிபர்கள், வெயில் கொடிது, பொழுதுபோக்கு இல்லை, சாராயமோ மலிவு. கோட்டையை ஒட்டிப் பஞ்ச் வீடுகள் என்ற சாராயக் கடைகள் தோன்றின. சாராயம், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, தண்ணீர், வாசனைப் பொருள் ஆகிய ஐந்தும் சேர்ந்தமையால் பஞ்ச் என்ற பெயர் வந்தது என்பர்.

1670-களில், ஸர் வில்லியம் லாங்ஹார்ன் கோட்டையின் தலைவராய் இருந்த காலத்தில், ஓர் ஒழுங்கு விதிக்கப்பட்டது. ஒரு வேளையில் ஒருவனுக்கு அரைப் பைண்டு சாராயம் அல்லது பிராந்திக்கு மேலும், ஒரு குவார்ட் திராட்சை மதுவுக்கு மேலும் கொடுத்தல் கூடாது. மீறினால் தண்டம். யாருக்கு எவ்வளவு தண்டம் என்பதிலேதான் நுட்பம் இருக்கின்றது. குடித்தவனுக்கு 12 பணம். கொடுத்த வீட்டுக்காரனுக்கு 1 வராகன். அந்நாளைய நாணயக் கணக்கில் வராகன் என்பது 12 பணத்தைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்டது. குடித்தவன் குற்றத்தினும் கொடுத்தவன் குற்றம் பெரிது என்று அந்த விதி தீர்மானித்தது. கௌடிலியரை அந்த ஆங்கிலேயர் படித்தவர் அல்லர். எனினும் இருவரும் ஒரே முடிவுக்கு வந்தனர்.

விதி நல்லது, அளவோ தாராளமானது. அரைப் பைண்டு என்பது ஏறத்தாழக் கால் லிட்டர். இன்றைய கடைகளில் குவார்ட்டர் என்று வழங்கும் புட்டியோ 180 மில்லி லிட்டர்தான். ஆகவே அந்தக் காலத்துக் கட்டுப்பாடு இந்தக் காலத்துக் குடியினும் அதிகமாகவே அனுமதித்தது. உடல் நலம் கருதிப் பிறந்த விதி அன்று அது. காவல் நிற்கவேண்டிய சிப்பாய் நிலைதடுமாறக் கூடாது என்பதற்காகப் பிறந்தது. இருப்பினும் அளந்து கொடுக்க வேண்டும், அளவு மீறினால் கொடுத்தவன் விடை சொல்ல வேண்டும் என்ற கொள்கை நம் நகரின் பிள்ளைப் பருவத்திலேயே ஏற்பட்டதென்பது குறிப்பிடத் தக்கது.

அந்தக் கொள்கை நிலைத்ததா? நிலைக்கவில்லை. காரணம் வருமானம். சாராயம் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டுக் கம்பெனியார் பணம் பெறத் தொடங்கினர். குத்தகை எடுத்தவன் முன்பணம் கட்டியிருக்கின்றான். கட்டிய பணத்தை மீட்டு இலாபமும் காண வேண்டுமென்றால் அவன் என்ன செய்வான்? போதும் என்று சொல்லுவானா, இன்னும் கொஞ்சம் என்று சொல்லுவானா? ஒரு கையால் அளவு விதித்த அரசாங்கம், மறு கையால் அளவை மீறத் தூண்டுகோல் கொடுத்தது. இந்த முரண்பாடே அடுத்த இரண்டரை நூற்றாண்டுச் சரித்திரத்தின் சாரம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஏற்பாடு ஆப்காரி என்ற பெயரில் ஒழுங்கு பெற்றது. 1864-இல் ஒரு சட்டம். பின்னர் விரிவாக 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம். தென்னைக்கும் பனைக்கும் மரவரி, சாராயத்திற்குத் தீர்வை, கடைகளுக்கு ஏலம். உரிமத்தோடு நிபந்தனைகளும் வந்தன. நிபந்தனையை மீறியவனுக்குத் தண்டனையும் சட்டத்தில் இருந்தது. ஆனால் ஏலத்திலே எவன் மிகுதியாகக் கேட்டானோ அவனுக்கே கடை. மிகுதியாகக் கேட்டவன் மிகுதியாக விற்றாக வேண்டும். நிபந்தனை தாளிலே இருந்தது. தேவை பெட்டியிலே இருந்தது.

இதே காலத்திலேதான் வட சென்னை தொழிற் பகுதியாக மாறியது. 1856 ஜூலை 1-ஆம் நாள் இராயபுரம் நிலையத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி புறப்பட்டது. 1870-களிலிருந்து செயற்கைத் துறைமுகப் பணி நடைபெற்றது. 1881-ஆம் ஆண்டுப் புயலால் சிதைந்து மீண்டும் எழுந்தது. பெரம்பூரில் 1876-இல் பக்கிங்காம் ஆலையும் 1881-இல் கர்நாட்டிக் ஆலையும் உண்டாயின. மூலக்கொத்தளத்தை அடுத்த பேசின் பாலத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின் நிலையம் எழுந்தது. மூட்டை சுமப்போரும், கரி அள்ளுவோரும், நூல் நூற்போரும், வலை இழுப்போரும் ஆயிரக்கணக்கில் குடியேறினர். பகல் முழுதும் உடல் நோக உழைத்தவனுக்கு, அறுகடி அகலக் குடிசையில் இடமில்லாதவனுக்கு, உட்கார ஓர் இடமும் பேச ஓர் ஆளும் கிடைத்த இடம் கடையாக இருந்தது. கூலி நாளன்று கடைக்காரன் காத்திருந்தான். வீட்டிலே மனைவியும் காத்திருந்தாள். இருவரில் முதலில் பணத்தைக் கண்டவன் பெரும்பாலும் கடைக்காரனே.

தொழிலாளர் இயக்கத்திற்கு இது தெரியாமற் போகவில்லை. 1918 ஏப்ரல் 27-இல் பி. பி. வாடியா அவர்களைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது, திரு. வி. கலியாணசுந்தரனார் அதன் துணைத் தலைவர்களில் ஒருவராகப் பணியாற்றினார். இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய 1929-இல் அமைந்த விட்லி குழுவும் 1931-இல் வெளியிட்ட அறிக்கையில், தொழிலாளியின் கடனையும் குடியையும் பற்றி ஆராய்ந்து, கடைகளையும் அவை திறந்திருக்கும் நேரத்தையும் குறைக்குமாறு கூறியது. இங்கே ஒரு பாடம் உண்டு. கடை எந்த மணிக்குத் திறக்கின்றது, எந்த மணிக்கு மூடுகின்றது என்பது அற்பச் செய்தி அன்று. வேலைக்குப் போகும் வழியில் கடை மூடியிருந்தால் ஒருவன் வேலைக்குப் போய்ச் சேருகின்றான்.

மற்றொரு பக்கம் கடையையே மூடவேண்டும் என்ற குரல் வலுத்தது. 1921-இல் ஈரோட்டில் ஈ. வெ. ராமசாமி அவர்கள் நடத்திய கள்ளுக்கடை மறியலில் அவருடைய துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கலந்துகொண்டனர். திருச்செங்கோட்டை அடுத்த காந்தி ஆசிரமத்திலிருந்து 1929-இல் ராஜாஜி ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை மதுவிலக்குக்கென்றே நடத்தினார். கல்கி அவர்கள் அதற்குத் துணை நின்றார். ராஜாஜி 1937-இல் முதலமைச்சரானதும், அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. இழந்த வருமானத்தை ஈடு செய்யவே 1939-இல் விற்பனை வரி பிறந்தது. மூலக்கொத்தளத்தில் உறங்கும் இருவரைச் சிறைக்கு அனுப்பிய அதே ஆட்சி, ஏழையின் வீட்டு அடுப்பை எரியச் செய்ததும் உண்டு. சரித்திர மாணவன் இரண்டையும் எழுதவேண்டும். ஒன்றை எழுதி மற்றொன்றை மறைத்தல் தகாது.

யுத்த காலத்தில் 1943-இல் நின்றுபோன மதுவிலக்கு, விடுதலைக்குப் பின் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. அது 1971 வரை நீடித்தது. அந்த ஆண்டு, தொண்ணூற்றிரண்டு வயதான ராஜாஜி, முதலமைச்சர் மு. கருணாநிதி அவர்களின் இல்லத்திற்கே சென்று மதுவிலக்கைத் தளர்த்த வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். அரசாங்கமோ பொருள் நெருக்கடியைக் காட்டி 1971 ஆகஸ்டு 30-இல் தளர்த்தியது. 1974-இல் மீண்டும் விலக்கியது. 1981-இல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் கடைகள் திறந்தன. 1983-இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், மொத்த விற்பனைக்காக நிறுவப்பட்டது. 1987 தொடக்கத்தில் கள்ளும் சாராயமும் நிறுத்தப்பட்டன. 1990-இல் மலிவு மது வந்து, 1991 ஜூலையில் ஜெயலலிதா ஆட்சியில் போயிற்று. 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையையும் அரசாங்கமே மேற்கொண்டது. திறப்பதும் மூடுவதுமாக இத்தனை திருப்பங்கள். இவற்றுக்கிடையே ஒன்றுமட்டும் திருப்பம் காணவில்லை. ஊற்றிக் கொடுக்கின்ற மனிதனுக்கு, அவன் கடமை என்னவென்று எவரும் பாடம் சொல்லித் தரவில்லை.

ஓர் அனுபவத்தைக் கூறுகின்றேன். 1984-ஐ ஒட்டிய ஆண்டு. அப்பொழுது நான் வட சென்னையில் இளம் ஆசிரியன். நான்காம் வகுப்பில் படித்த சிறுவன் ஒருவன் அடிக்கடி மாலை மணி அடிக்குமுன்னே அவசரப்படுவான். காரணம் பிறகு தெரிந்தது. தந்தைக்காகச் சாராயக் கடைக்குச் சென்று புட்டியில் வாங்கி வரவேண்டும். ஒரு நாள் அந்தக் கடையின் வேலையாள் சிறுவனை அழைத்துக்கொண்டு பள்ளி வாயிலுக்கே வந்துவிட்டான். “ஐயா, இந்தப் பிள்ளைக்கு நான் இனிமேல் ஊற்றித் தரமாட்டேன். வீட்டிலே அடிப்பார்களென்று அழுகின்றான். நீங்கள் வந்து அவன் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றான். இருவருமாகச் சென்றோம். தந்தை முதலிற் சினந்தார்; பிறகு தலை குனிந்தார். குடி அன்றோடு நின்றுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன், நிற்கவில்லை. ஆனால் பிள்ளை கடைக்குப் போவது நின்றது. அவன் பள்ளிப் படிப்பையும் முடித்தான்.

அந்த வேலையாள் எழுத்தறியாதவன். கௌடிலியரையும் அறியான், லாங்ஹார்னையும் அறியான். ஒரு புட்டிச் சாராயத்தின் விலையை அவன் முதலாளிக்கு இழக்கச் செய்தான். அதற்காக அவனுக்கு ஏச்சும் கிடைத்திருக்கலாம். அவன் செய்ததையே சட்டமும் கல்வியும் எல்லாருக்கும் இயல்பாக்க வேண்டும் என்பது என் கருத்து.

வெளிநாட்டார் இதனை மூவழியில் முயன்றிருக்கின்றனர். முதல் வழி தண்டனை. இங்கிலாந்தில் 1872-ஆம் ஆண்டு உரிமச் சட்டம், ஏற்கெனவே போதையேறியவனுக்கு மீண்டும் விற்பதைக் குற்றமாக்கியது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, குடித்தவனால் கேடுற்ற மனைவியோ அயலாரோ, கொடுத்த கடைக்காரன்மீது வழக்குத் தொடர்ந்து இழப்பீடு பெற இடமளிக்கப்பட்டது. இரண்டாவது வழி ஆசையை அறுப்பது. ஸ்வீடன் நாட்டின் கோத்தன்பர்க் என்னும் துறைமுக நகரில் 1865-இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். சாராயக் கடைகளை ஒரே பொதுநலச் சங்கம் எடுத்துக்கொண்டது. கடையை நடத்துபவனுக்குச் சாராய விற்பனையில் இலாபம் இல்லை. உணவிலும் போதையற்ற பானத்திலுமே அவனுக்கு இலாபம். அங்கே கடைக்காரன் “இன்னொரு கலம்” என்று சொல்ல மாட்டான். “சாப்பிடுங்கள்” என்று சொல்லுவான். இங்கிலாந்திலும் கார்லைல் வட்டாரத்தில் 1916 முதல் 1973 வரை அரசாங்கமே மதுச்சாலைகளை நடத்தியது. விற்பனையைப் பெருக்கும் ஆசை நடத்துபவனுக்கு இருத்தலாகாது என்பதே அங்கும் அடிப்படை. மூன்றாவது வழி நம் காலத்தது, அது பயிற்சி. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மது பரிமாறுவோர் அதற்கென ஒரு பயிற்சியில் தேறிச் சான்று பெற்றாக வேண்டும்.

நம்மிடமோ அரசாங்கமே கடைக்காரன். ஆகவே கோத்தன்பர்க் கொள்கைக்கு நாம் நெருங்கியவர்கள் என்று தோன்றலாம். தோற்றம் வேறு, உண்மை வேறு. கடையில் விற்பது அரசு ஊழியர். அடுத்திருக்கும் பாரிலே தின்பண்டம் விற்கவும் காலிப் புட்டி சேர்க்கவும் ஏலம் எடுத்தவர் தனியார். காலிப் புட்டி மிகுந்தால் அவருக்கு வருமானம் மிகுந்து வந்தது. புட்டி எப்படிக் காலியாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு பக்கம், விடுதிகளின் மதுக்கூடங்களில் பரிமாறுபவர், மிகுதியாக விற்றால் மிகுதியான அன்பளிப்புப் பெறுபவர். இருபத்தொரு வயது நிறையாதவர்க்கு விற்கலாகாது என்று விதி உண்டு. 2016-இல் கடை திறக்கும் நேரம் காலை பத்திலிருந்து நண்பகல் பன்னிரண்டாக மாற்றப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையோரக் கடைகளைக் கட்டுப்படுத்தியது. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு முறையும் ஐந்நூறு கடைகள் மூடப்பட்டன. இவையெல்லாம் நல்லனவே. ஆனால் இவை கடையைப் பற்றியவை. கடையிலே நிற்கும் மனிதனின் அறிவையும் துணிவையும் பற்றியவை அல்ல.

அவனுக்கு என்ன அறிவு வேண்டும்? முதலாவது, அளவு பற்றிய அறிவு. நம் நாட்டுப் பிராந்தி, ரம் முதலியவற்றில் நூற்றுக்கு 42.8 பங்கு சாராயச் சத்து. 180 மில்லி லிட்டர் புட்டியில் ஏறத்தாழ 60 கிராம் சத்து இருக்கும். ஈரல் ஒரு மணி நேரத்தில் எரிக்கக்கூடியது சுமார் 7 அல்லது 8 கிராம். ஆக ஒரு புட்டி முழுதும் உடலைவிட்டு நீங்க எட்டு மணி நேரம் செல்லும். இரவு பத்து மணிக்கு முடித்தவன் விடியற்காலை ஐந்து மணிக்கும் தெளிந்தவன் அல்லன். அந்நிலையில் துறைமுகத்தில் பாரந்தூக்கியின் கீழ் நிற்பவனையும், எண்ணூர் நெடுஞ்சாலையில் கனரக வண்டி ஓட்டுபவனையும் எண்ணிப் பாருங்கள். வண்டி ஓட்டுநரின் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் சாராயச் சத்து இருத்தல் நம் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். காப்பி குடித்தால் தெளியும், தலையில் நீர் ஊற்றினால் தெளியும், மோர் குடித்தால் தெளியும் என்பன வீண் நம்பிக்கைகள். காலம் ஒன்றே தெளிவிக்கும்.

இரண்டாவது, உணவு பற்றிய அறிவு. வெறும் வயிற்றில் மது விரைந்து இரத்தத்தில் கலக்கின்றது. உணவு இருந்தால் தாமதிக்கின்றது. ஆகையால் முதலில் உணவையும் தண்ணீரையும் முன்வைப்பது பரிமாறுபவனின் கடமை. உப்பும் காரமும் மட்டும் மிகுந்த தின்பண்டம் தாகத்தையே வளர்க்கும். மூன்றாவது, முகத்தைப் படிக்கும் அறிவு. பேச்சுக் குழறல், குரல் உயர்தல், கை தடுமாறல், கண் நிலைகொள்ளாமை ஆகியவற்றைக் கண்டவுடன் ஊற்றுவதை நிறுத்த வேண்டும். நான்காவது, மறுக்கும் முறை. பலர் முன்னிலையில் “நீ குடித்துவிட்டாய்” என்றால் சண்டை வரும். அருகே சென்று, தாழ்ந்த குரலில், “அண்ணா, இன்றைக்கு இவ்வளவு போதும், சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள், வண்டி இங்கேயே இருக்கட்டும்” என்று சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். ஐந்தாவது, வழியனுப்புதல். தள்ளாடுகின்றவனைத் தெருவிலே விட்டுக் கதவைச் சாத்துவது வியாபாரமும் அன்று. மனிதத் தன்மையும் அன்று. குப்புறவும் மல்லாந்தும் கிடப்பவனை ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். வாந்தி மூச்சுக்குழலை அடைத்து இறந்தவர் பலர். எழுப்பியும் எழாதவனுக்கு உடனே 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

துணிவு என்று சொன்னேன். அதனை யார் தருவது? மதுக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் அண்மையில் என்னைச் சந்தித்தான். மேற்கூறிய செய்திகளை அவனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஐயா, எல்லாம் சரிதான். ஆனால் நான் போதும் என்று சொன்னால், அவர் முதலாளியைக் கூப்பிடுவார். முதலாளி என்னைத்தான் போதும் என்பார்” என்றான். நான் விடையின்றி நின்றேன். ஒரு தலைமையாசிரியன் மாணவன் முன்னே விடையின்றி நிற்பது எளிதன்று. பிறகு எண்ணிப் பார்த்தபோது தெரிந்தது: லாங்ஹார்ன் காலத்து விதி வீட்டுக்காரன்மீது தண்டம் வைத்தது, வேலைக்காரன்மீது அன்று. கௌடிலியரும் கடைக்கு உடையவனையே பிடித்தார். மறுத்தவனை வேலையிலிருந்து நீக்க முடியாது என்பதும், மறுக்காமையால் நேர்ந்த கேட்டுக்கு உடையவன் பொறுப்பு என்பதும் ஒருங்கே சட்டமானால்தான் பயிற்சி பயன் தரும். அரசாங்கமே உடையவனாக இருக்கும் இடத்தில் அப்பொறுப்பு அரசாங்கத்தையும் சேரும்.

மதுவிலக்கு அன்பர்கள் என்னைக் கடிந்துகொள்ளலாம். “கடையை மூடுங்கள் என்று சொல்லாமல், ஒழுங்காக ஊற்றுங்கள் என்று சொல்லுகின்றீரே” என்பார்கள். நான் மது அருந்தாதவன். ஒரு நாள் கடைகள் அனைத்தும் வெறிச்சோடினால் மகிழ்பவன். ஆனால் 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கற்பட்டு வட்டாரத்திலும் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதையும், 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதையும் மறக்கவியலாது. மெத்தனால் உடலில் பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணையும் உயிரையும் கவர்வது. விற்றவனுக்குப் பெயர் இல்லை, உரிமம் இல்லை, பொறுப்பும் இல்லை. விற்பவன் பொறுப்பு முற்றும் அற்றுப்போன இடத்தில் என்ன நேரும் என்பதற்கு இவை சான்று. கடை இருக்கும் நாள்வரை கடையில் அறம் இருக்கட்டும். கடை மூடப்படும் நாள் வந்தால், அன்று அந்த அறம் வீணாகிவிடாது.

மூலக்கொத்தளத்தின் மதில் இன்று இல்லை. கொத்தளத்தில் நின்ற காவற்காரனும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கடையின் மேசைக்குப் பின்னாலும் ஒரு மனிதன் நிற்கின்றான். கலத்தை நீட்டும் கையும் அவனுடையது. மடக்கிக்கொள்ளும் கையும் அவனுடையது. முன்னொரு நாள் ஒரு சிறுவனின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாயிலில் வந்து நின்றானே, அவனைப்போல இவனும் ஒரு காவற்காரன் ஆகலாம். அவனுக்கு வேண்டிய அறிவைக் கொடுப்பதும், அந்த அறிவின்படி நடந்தால் அவன் சோறு பறிபோகாமல் காப்பதும் நம் எல்லாருடைய கடமை.